எதிர்நீரில் லாங்கோலன்: கால்வாய்ப் படகில் குடும்பத்தோடு

சனிக்கிழமை, ரென்பரி

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் ரென்பரி என்ற சிற்றூரில் இன்று பிற்பகல் படகு எங்கள் கைக்கு வந்தது. இங்கிருந்து வேல்ஸில் இருக்கும் லாங்கோலன் ஊர் வரை போய்த் திரும்புவது திட்டம். நீளம் 60 அடி. அகலம் ஏழடிக்கும் ஓரிரு அங்குலம் குறைவு. இந்த நாட்டுக் கால்வாய்களில் பலவற்றின் லாக்குகள், அதாவது படகை மேடு பள்ளத்துக்கு ஏற்றி இறக்கும் தொட்டிகள், ஏழடி அகலத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே படகுகளையும் இப்படி ஒடுக்கமாக, நீளமாகச் செய்தார்கள். நேரோபோட் என்று பெயர். நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இரும்பும் ஏற்றிக்கொண்டு போன படகு வகை இது. கரையில் ஒரு குதிரை நடந்து கயிற்றால் இழுக்கும். இப்போது குதிரைக்குப் பதில் டீசல் இன்ஜின். சரக்கு கிடந்த இடத்தில் கட்டில்கள், அடுப்படி, குளியலறை.

நான், என் கணவர், பத்தாம் வகுப்புக்குப் போகப்போகும் மகள், ஒன்பது வயது மகன், கோடைக்கு மரக்காணத்திலிருந்து வந்திருக்கும் என் அப்பா. இவ்வளவு பேருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. என்ன, ஒருவர் நடந்தால் எதிரே வருபவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழிவிட வேண்டும்.

வாடகைப் படகு ஓட்ட இங்கே லைசென்ஸ் தேவையில்லை. படகுத்துறைப் பெண்மணி ஒருவர் கூடவே கொஞ்ச தூரம் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். பிரேக் கிடையாது, நிற்க வேண்டுமென்றால் ரிவர்ஸ் போட வேண்டும். சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் வலது ஓரம். உச்ச வேகம் மணிக்கு நான்கு மைல்தான். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் கிளப்பும் நீரிழுப்பில் அவர்கள் அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இறங்கும்போது அவர் சொன்னது: "லாங்கோலன் போகும்போது கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உங்களுக்கு எதிரே வரும்."

பிரிட்டனில் கால்வாய் என்றால் நிற்கும் தண்ணீர்தான். லாக் திறக்கும்போது கொஞ்சம் நகரும், மற்றபடி அசையாது. லாங்கோலன் கால்வாய் அதற்கு விதிவிலக்கு. வேல்ஸ் மலையடிவாரத்தில் டீ ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் கால்வாய் முழுக்க ராப்பகலாக ஓடுகிறது. நான் இந்தக் கால்வாயைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

சாயங்காலம் மார்பரி லாக்கில் அந்த ஓட்டத்தின் பலம் தெரிந்தது. லாக்குக்குள் அடங்காத உபரி நீர், பக்கத்தில் தனி வாய்க்காலாகச் சுற்றி வந்து, லாக் வாசலுக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் கொட்டுகிறது. நுழையப் போகும் நேரத்தில் படகின் மூக்கை அது ஒரு தள்ளு தள்ளும். கணவர் கொஞ்சம் வேகம் கூட்டி, நீர் விழும் பக்கமாகவே மூக்கை வைத்துப் போனார். தண்ணீர் தள்ளிய தள்ளில் படகு தானாக வாசலுக்கு நேரே வந்து நின்றது.

மேலே ஏறியதும் புல் கரையில் முளை அடித்துக் கட்டினோம். சம்மட்டி மகன் கையில். இரவுக்குக் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை.

ஞாயிற்றுக்கிழமை, க்ரிண்ட்லி புரூக்

இன்று முழுக்க லாக்தான். குவாய்ஸ்லி, வில்லிமூர், போவீஸ் என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் க்ரிண்ட்லி புரூக்கின் ஆறு லாக்குகள்.

லாக் வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு பக்கமும் கதவு உள்ள ஒரு கல் தொட்டி. மேலே ஏற வேண்டுமானால் காலித் தொட்டிக்குள் படகை விட்டுக் கீழ்க் கதவை மூட வேண்டும். மேல் பக்கத்து ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் வந்து நிரம்பும், படகு கூடவே எழும்பும். மட்டம் சமமானதும் மேல் கதவு திறக்கும். அதற்கு முன் நான்கு பேர் தள்ளினாலும் திறக்காது. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. மேட்டிலிருக்கும் தண்ணீர் பள்ளத்துக்கு வருகிற ஆசைதான் எல்லா வேலையையும் செய்கிறது.

ஷட்டர் தூக்க எல் வடிவ இரும்புக் கைப்பிடி ஒன்று தருகிறார்கள், விண்ட்லஸ் என்று பெயர். பல்சக்கரத்தின் முனையில் மாட்டிச் சுற்ற வேண்டும். கொண்டி விழுந்ததா என்று பார்க்காமல் கையை எடுக்கவே கூடாது. கொண்டி விழவில்லை என்றால் ஷட்டர் தன் எடையில் இறங்கும், கைப்பிடி சுழன்று முகத்தில் அடிக்கும். மகளிடம் இதைக் காலையிலேயே சொல்லிவிட்டோம். அவள் ஒவ்வொரு தடவையும் குனிந்து கொண்டியைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் எடுத்தாள்.

கதவைத் திறக்க நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். தண்டு சுற்றி வரும் அரைவட்டத்தில், பாதம் வழுக்காமல் ஊன்றிக்கொள்ளச் செங்கல் வரிசைகளைத் தரையிலிருந்து கொஞ்சம் எடுப்பாகப் பதித்திருக்கிறார்கள். விளிம்புகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. இருநூறு வருஷமாகப் படகுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கால் ஊன்றிய இடத்தில் என் மகனும் ஊன்றித் தள்ளுவதைப் பார்த்தபோது மனசு நிறைந்தது.

க்ரிண்ட்லி புரூக்கில் கீழே மூன்று தனி லாக்குகள். மேலே இருக்கும் மூன்றும் படிக்கட்டு லாக்குகள். அதாவது ஒன்றின் மேல் கதவுதான் அடுத்ததன் கீழ்க் கதவு. நடுவில் ஒதுங்க இடம் கிடையாது; ஒரு படகு உள்ளே போனால் மூன்றையும் ஏறித்தான் வெளியே வர வேண்டும். ஆகஸ்ட் மாதம், மேலேயும் கீழேயும் வரிசை. கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் ஆட்கள் நின்று முறை வைத்து அனுப்புகிறார்கள். காத்திருந்த நேரம் கொஞ்சமும் வீணாகவில்லை. முன்னால் நின்ற படகின் வயதான தம்பதி எங்களுக்கு டீ கொடுத்தார்கள். நான் எலுமிச்சை சாதம் கொடுத்தேன்.

அப்பா அதற்குள் கீழே பாலத்தடிக்குப் போயிருந்தார். கூப்பிட்டுக் காட்டினார். பாலத்தின் வளைவு ஓரத்தில், இடுப்பு உயரத்தில், வரிவரியாகப் பள்ளங்கள். விரல் நுழையும் ஆழம். குதிரை இழுத்த ஈரக் கயிறு மண் துகளோடு உரசி உரசி அறுத்த தடம்.

"மரக்காணத்துலேருந்து உப்பு ஏத்திக்கிட்டு இப்படித்தான் பட்டணத்துக்குப் படகு போவும் கண்ணு" என்றார் பேரனிடம். "காத்து அடிச்சா பாய். காத்து இல்லேன்னா கயிறு."

"குதிரையா தாத்தா?"

"குதிரைக்கு எங்க போறது? மனுசன்தான் தோள்ல கயிறப் போட்டுக்கிட்டு இழுப்பான்."

பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் அந்த வழியாகச் சென்னைக்குப் போன காலத்தை அப்பா சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர். அந்தக் கால்வாய் இன்று சென்னைக்குள் என்ன கதியில் கிடக்கிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இங்கே கயிற்றுத் தடத்தைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது தொண்டையை அடைத்தது.

இரவு விட்சர்ச் பக்கத்தில் கட்டினோம்.

திங்கட்கிழமை, விக்ஸால் முதல் எல்ஸ்மியர் வரை

க்ரிண்ட்லி புரூக்கைத் தாண்டினால் சுமார் இருபது மைலுக்கு லாக்கே கிடையாது. அதற்குப் பதில் தூக்குப்பாலங்கள். வயலுக்குப் போகும் வழிக்காகக் கட்டிய மரப்பாலங்கள். விண்ட்லஸை மாட்டிச் சுற்றினால் பாலம் மெல்ல எழும்பி நிற்கும். படகு போனதும் இறக்கிவிட வேண்டும். டிராக்டர்காரர் ஒருவர் காத்திருந்தார்; மகள் பாலத்தை இறக்கிவிட்டதும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

விக்ஸால் சதுப்பு நிலத்துக்குள் நுழைந்ததும் கால்வாய் நேர்கோடாகிறது. இருபுறமும் பழுப்பு நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கரிமண் காடு, நடுவே பிர்ச் மரங்கள். செத்த பாசி மட்காமல் ஆயிரக்கணக்கான வருஷம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவான நிலம். ஸ்பேக்னம் என்ற அந்தப் பாசி தண்ணீரை ஏராளமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போட இதைச் சேகரித்திருக்கிறார்கள். அடுப்புக்கும் தோட்டத்துக்கும் கரிமண் வெட்டி எடுப்பது 1990 வாக்கில்தான் நின்றது. இப்போது தேசிய இயற்கைக் காப்பகம். பழைய வடிகால்களை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, சதுப்பை மறுபடி உயிர்ப்பிக்கிறார்கள். படகின் கூரைமேல் தட்டான்கள் வந்து உட்கார்ந்தன.

இப்படிப்பட்ட பஞ்சு நிலத்தின் மேல் கால்வாய் வெட்டியவர்களின் துணிச்சலை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சுற்றியுள்ள கரிமண் காய்ந்து அமிழ்ந்துகொண்டே போகும். கரை இறங்கினால் தண்ணீர் வெளியே கொட்டிவிடும். அதனால் 1804 முதல் 1960கள் வரை, தலைமுறை தலைமுறையாக ஒரு கூலியாட்கள் குழு களிமண் கொண்டுவந்து கொட்டிக் கரையை உயர்த்திக்கொண்டே இருந்தது. விக்ஸால் மாஸ் கேங் என்பார்கள். இதே கால்வாயைப் பள்ளத்தாக்குக்கு மேலே சுமந்துபோகும் தொட்டிப்பாலம் கட்டிய பொறியாளர்களின் பெயர் உலகுக்குத் தெரியும். இந்தக் கரையைக் காப்பாற்றியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. என்னைக் கேட்டால் இதுவும் அதற்குக் குறையாத வேலை.

மதியம் வேலியோரம் ப்ளாக்பெர்ரி பழுத்துத் தொங்கியது. பிள்ளைகள் கரையில் நடந்தபடியே பறித்துக்கொண்டு வந்தார்கள். படகைவிட நடை வேகமாக இருக்கிறது, அதனால் தொலைந்துபோகும் கவலை இல்லை. பாதியை அப்படியே தின்றோம். மீதியை வெல்லம், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பச்சடியாகக் கிண்டினேன். தயிர்சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம்.

எல்ஸ்மியருக்கு முன்னால் ஏரிகள் வருகின்றன. பனியுகத்தின் முடிவில் மண்ணில் புதைந்த பெரிய பனிக்கட்டிகள் உருகி உண்டான பள்ளங்கள் இவை. பிளேக் மியர் ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவே மரங்கள் நிற்கும் ஒரு குறுகிய கரை மட்டுமே. அடுத்து 80 மீட்டர் சுரங்கம், அதற்கப்பால் ஊர்.

இந்தக் கால்வாய்க்கு முதலில் எல்ஸ்மியர் கால்வாய் என்றே பெயர். 1793இல் சட்டம் நிறைவேற்றி, மெர்சி ஆற்றையும் செவர்ன் ஆற்றையும் இணைக்கப் புறப்பட்டார்கள். திட்டம் முழுசாக நிறைவேறவில்லை. ஆனால் அதன் வடகோடித் துறைமுகத்துக்கு வைத்த எல்ஸ்மியர் போர்ட் என்ற பெயர் ஒரு நகரமாகவே நிலைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, சர்க்

காலையிலிருந்து மழை. சுக்கான் பிடிப்பவர் பின்புறம் திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும்; கணவரும் நானும் மாறிமாறி நனைந்தோம்.

பத்து மணி வாக்கில் இன்ஜின் முனகியது, படகு நகரவில்லை. கரையோரம் ஒதுக்கிக் கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, பின்தளத்துக்கடியில் இருக்கும் மூடியைத் திறந்தோம். அதன் வழியாகக் கையை விட்டால் ப்ரொப்பெல்லர் எட்டும். முழங்கைக்கு மேல் தண்ணீருக்குள், கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தாள், தீவனக் கட்டு சுற்றுவது, இறுக்கி முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியால் கீறிக்கீறித் துண்டு துண்டாக எடுத்தார். மூடியைத் திரும்ப இறுக்கமாகப் போட்டுவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தோம். அது தளர்ந்திருந்தால் ப்ரொப்பெல்லர் அடிக்கும் தண்ணீர் உள்ளே ஏறிப் படகு மூழ்கிவிடும்.

நியூ மார்ட்டன் லாக்குகள் இரண்டு. இங்கேயும் உபரி நீரின் தள்ளல் பலமாக இருந்தது. அதோடு லாங்கோலன் வரை லாக் முடிந்தது.

மழை விட்டபோது சர்க் வந்தது. இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்கும் இடம். எல்லைக்கோடு கைரியோக் பள்ளத்தாக்கு. அதன் மேல் 21 மீட்டர் உயரத்தில் கல் வளைவுகள் தாங்கும் தொட்டிப்பாலம், 1801இல் கட்டியது. பக்கத்திலேயே அதைவிட உயரமாக ரயில் பாலம், 1848இல் வந்தது. நாங்கள் நடுப்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே ரயில் போனது. கால்வாய்களின் பிழைப்பைக் கெடுத்தது ரயில்தான். அதை இங்கே நின்று பார்த்தால் விளக்கமே வேண்டாம்.

பாலம் முடிந்ததும் உடனே சர்க் சுரங்கம், 421 மீட்டர். நேராக இருப்பதால் மறுமுனை தெரியும். எதிரே விளக்கு வெளிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் நுழைய வேண்டும், உள்ளே ஒரு படகுக்குத்தான் இடம். ஓட்டம் இங்கேதான் மிகக் கடுமை. வெளியே அகலமாக வரும் தண்ணீர் முழுக்க இந்தக் குறுகிய குழாய்க்குள் நெருக்கியடித்து வருகிறது, அதை எங்கள் படகு முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்கிறது. இன்ஜின் சத்தம் கூடினாலும் சுவர் செங்கற்கள் ஒவ்வொன்றாகத்தான் பின்னால் போயின. மகன் கைவிளக்கை அடித்துச் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்புப் படிவங்களைக் காட்டிக்கொண்டே வந்தான். அப்பா பயப்படுவாரோ என்று நினைத்தேன். அவர் முன்தளத்தில் உட்கார்ந்து பக்கத்துச் சுவரைக் கையால் தொடப் பார்த்தார், மகள் அதட்டிக் கையை இழுத்தாள்.

புதன்கிழமை, பொன்ட்கசுள்டெ, லாங்கோலன்

எத்தனை படம் பார்த்திருந்தாலும் பொன்ட்கசுள்டெ தொட்டிப்பாலத்துக்கு மனத்தைத் தயார் செய்ய முடியாது.

குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உயரம் புரியும். ஏறக்குறைய அதே உயரம்தான். இங்கே அந்தத் தொட்டிக்குள் நாம் படகில் போகிறோம். டீ ஆற்றுக்கு 38 மீட்டர் மேலே, 307 மீட்டர் நீளத்துக்கு, உச்சியில் ஒடுங்கிப்போகும் கல் தூண்களின் மேல் ஓர் இரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நடைபாதை, கைப்பிடிக் கம்பி. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேல் அரையடி அளவுதான் இருக்கிறது. படகில் நிற்பவர் கண்ணுக்கு அந்த விளிம்புகூடத் தெரியாது. படகின் ஓரம், அடுத்து காற்று, அடியில் மரங்களின் உச்சி.

நான் சுக்கான் பிடித்தேன். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. மகனும் அவரும் முன்தளத்தில். அப்பாவும் மகளும் இறங்கி நடைபாதையில் எங்களோடு கூடவே நடந்தார்கள். உண்மையில் ஓட்டுவதற்கு இங்கே எதுவும் இல்லை, தொட்டியே படகை நேராக வைத்துக்கொள்கிறது. அதனால் பார்க்க முடிந்தது. கீழே டீ ஆறு பாறைகளின் மேல் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் படகைத் தாங்கும் தண்ணீரும் அதே ஆற்றின் தண்ணீர். மேலே எங்கோ பிரிந்து, ஆற்றுக்குக் குறுக்கே அதன் தலைக்கு மேலேயே போகிறது.

தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் சேர்ந்து செய்த வேலை. 1795இல் அடிக்கல், 1805 நவம்பர் 26 அன்று திறப்பு. அவ்வளவு உயரத்தில் கல் தொட்டி கட்டினால் எடை தாங்காது. அதனால் வார்ப்பிரும்புத் தட்டுகளைத் தூண்களின் மேலேயே பொருத்தி முடுக்கினார்கள். இணைப்புகளில் நீர் கசியாமலிருக்க, வேல்ஸ் கம்பளித் துணியைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் தோய்த்து அடைத்து, மேலே ஈயம் பூசினார்கள். சுண்ணாம்புச் சாந்தில் மாட்டு இரத்தம் கலந்ததாகவும் சொல்கிறார்கள். ஓட்டத்துக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறார்கள். நடைபாதை தொட்டிக்கு வெளியே இல்லை, தொட்டிக்குள்ளேயே தண்ணீரின் மேல் போட்டிருக்கிறது. படகு முன்னேறும்போது விலகும் தண்ணீர் நடைபாதைக்கு அடியில் புகுந்து பின்னால் போய்விடுகிறது. அந்த இடம் இல்லாவிட்டால் நேற்று சுரங்கத்தில் பட்ட பாடு இங்கேயும் பட்டிருப்போம். பாலத்தையும் அதை ஒட்டிய 11 மைல் கால்வாயையும் 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மறுகரை ட்ரெவரில் ஏறிக்கொண்ட அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மெஷினு இல்லாத காலம்" என்று மட்டும் சொன்னார்.

ட்ரெவரில் கால்வாய் செங்கோணமாகத் திரும்புகிறது. லாங்கோலன் வரையுள்ள கடைசி மைல்களில் மலைப்பாறையை வெட்டிய ஒற்றைப் படகு வழிகள் உண்டு. மகள் முன்னால் ஓடிப்போய் எதிரே யாரும் வரவில்லை என்று போனில் சொன்ன பிறகே நுழைந்தோம். மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

சாப்பிட்டதும் எல்லோரும் கால்வாய்க் கரையோடு மேலே நடந்தோம். இதற்கு மேல் இன்ஜின் படகுகளுக்கு அனுமதியில்லை, அவ்வளவு குறுகல், ஆழமும் குறைவு. குதிரை இழுக்கும் சுற்றுலாப் படகு மட்டும் போகிறது, 1884இலிருந்து. பெரிய குளம்புள்ள குதிரை ஒன்று எங்களைத் தாண்டி அலட்டாமல் நடந்தது. கயிறு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பியது. அப்பா நின்று, அது திருப்பத்தில் மறையும் வரை பார்த்தார்.

இரண்டு மைல் நடந்தால் ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ். பெயர்தான் அருவி, உண்மையில் டெல்ஃபோர்ட் 1808இல் கட்டிய தடுப்பணை. 140 மீட்டர் நீளத்தில் அரைவட்டமாக வளைந்து கிடக்கிறது. ஆறு அதன் மேல் கண்ணாடித் தகடாக வழிகிறது. ஓரத்தில் ஒரு சின்ன வாய். அளவு பார்க்கும் கட்டடம் ஒன்று. அதற்குள் நுழைந்து கால்வாய் பிறக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி லிட்டர் இந்த வாய் வழியாகப் போகிறது.

கால்வாய் இன்று உயிரோடு இருப்பது இந்தத் தண்ணீரால்தான். 1930களின் முடிவில் சரக்குப் படகுகள் நின்றுவிட்டன. 1944இல் உரிமையாளரான ரயில் கம்பெனி நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து, படகுப் போக்குவரத்தை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. அந்தச் சட்டத்தில் கைவிடப்பட்ட மற்ற கால்வாய்களில் பல தூர்ந்துபோயின. இதை அடைக்க முடியவில்லை, கீழே தண்ணீர் வேண்டியிருந்தது. 1955இல் செஷயர் குடிநீர் வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டு, கால்வாயைக் குடிநீர் வழியாகவே பராமரிக்க முடிவு செய்தார்கள். கரை பத்திரமாக இருந்தது, தண்ணீரும் இருந்தது. பொழுதுபோக்குப் படகுகள் திரும்ப வந்தன. இப்போது நாட்டிலேயே அதிகம் பேர் படகோட்டும் கால்வாய்களில் இதுவும் ஒன்று.

சனிக்கிழமையிலிருந்து எதிர்த்து வந்த ஓட்டத்தை அந்தச் சின்ன வாயில் நின்று பார்த்தபோது, அது தாமதப்படுத்திய ஒவ்வொரு மணிக்கும் நன்றி சொல்லத் தோன்றியது.

"இது போய் எங்க சேருது?" என்று அப்பா கேட்டார். ஹர்ல்ஸ்டன் என்ற இடத்தில் நீர்த்தேக்கம், ரென்பரிக்கு வடகிழக்கே, என்றேன். பார்க்க வேண்டும் என்றார்.

வியாழன், வெள்ளி

திரும்பும் வழி, தண்ணீரோடு. போகும்போது மூச்சுத் திணறிய சர்க் சுரங்கத்தை விறுவிறுவென்று கடந்துவிட்டோம். எல்ஸ்மியரில் ஓர் இரவு. அடுத்த நாள் நீண்ட ஓட்டம், க்ரிண்ட்லி புரூக்கில் இறக்கம். இறங்கும்போது கவனம் வேறு. தொட்டிக்குள் மேல் கதவுக்கு அடியில் ஒரு கல் படி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது படகின் பின்பாகம் அதன்மேல் மாட்டினால் மூக்கு கவிழ்ந்துவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னாலேயே படகை நிறுத்திவைக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் அந்த நேரத்தில் யாரோடும் பேசக் கூடாது.

தண்ணீர் டாங்க் நிரப்புவதும் கழிவுத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் பயணத்தில் தவறாத வேலைகள். படம் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பிள்ளைகள் முறை வைத்துச் செய்தார்கள். குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் நாமே நிரப்பியது என்றால், பல் தேய்க்கும்போது தானாகவே மூடத் தோன்றுகிறது.

வழியில் பிராங்க்டன் சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்றோம். இங்கே மாண்ட்கோமரி கால்வாய் பிரிந்து இறங்குகிறது. 1936இல் அதன் கரை உடைந்தது, சரிசெய்யாமலே விட்டுவிட்டார்கள். அதே 1944 சட்டத்தில் மூடப்பட்டது. 1969இல் வெல்ஷ்பூலில் தன்னார்வலர்கள் கூடித் தூர்வாரத் தொடங்கினார்கள். மீட்பு வேலை இன்னும் நடக்கிறது. லாக் வழியே இறங்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், நாங்கள் செய்திருக்கவில்லை. கதவருகே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

சனிக்கிழமை, ஹர்ல்ஸ்டன்

காலை ஒன்பது மணிக்குள் படகைத் துடைத்து ஒப்படைத்தோம். காரில் நேரே ஹர்ல்ஸ்டன்.

நான்கு லாக்குகள் அடுக்காக இறங்கி, ஷ்ராப்ஷயர் யூனியன் பெருங்கால்வாயில் சேர்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே உயரமான புல் கரை, அதற்குள் நீர்த்தேக்கம். மலையடிவாரத்தில் பார்த்த தண்ணீர் லாக்குகள், ஏரிக்கரை, கரிமண் காடு, தொட்டிப்பாலம் எல்லாம் கடந்து இங்கே வந்து நிற்கிறது. சுத்திகரித்து செஷயர் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அப்பா கரையை அளந்து பார்த்துவிட்டு, மரக்காணத்தில் யாருக்கோ போன் போட்டுப் பத்து நிமிஷம் விவரம் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டைத் தவிர்த்து மே அல்லது செப்டம்பரில் போனால் க்ரிண்ட்லி புரூக் வரிசை குறையும். லாங்கோலன் போய்த் திரும்ப ஒரு வாரம் போதும், ஆனால் தினம் ஆறேழு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். பெரியவர்கள் இருந்தால் எல்ஸ்மியர் அல்லது சர்க் பக்கத்தில் படகு எடுங்கள், அவசரமில்லாமல் போகலாம். நல்ல மழைச்சட்டை ஆளுக்கொன்று. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள், கடை தினமும் கிடைக்காது.

அடுத்த கோடையில் மாண்ட்கோமரி என்று காரிலேயே முடிவாகிவிட்டது. பதிவு செய்யும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.